எழுபது வயதுக்கு எந்த சாக்ஸ்?

போன தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த மகன், வேட்டி சட்டையோடு ஒரு சின்ன அட்டைப் பெட்டியையும் என் கையில் கொடுத்தான். பிரித்துப் பார்த்தால் மூன்று ஜோடி சாக்ஸ். கறுப்பு ஒன்று, கருநீலம் ஒன்று, சாம்பல் ஒன்று. பெட்டியின் மேல் மூங்கில் படம். விலை 899 ரூபாய்.

"ஏனுங்க, சாக்ஸுக்கா இவ்வளவு? இந்தக் காசுக்கு இளம்பிள்ளையில எனக்கு ஒரு சேலை எடுத்திருக்கலாமே" என்றாள் வீட்டம்மா.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் எனக்குச் சர்க்கரை வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பாதத்தில் உணர்ச்சி பாதிதான். வீட்டுக்குள்ளேயே செருப்புப் போடச் சொல்லிவிட்டார் டாக்டர். காலை நடைக்கு ஷூவும் சாக்ஸும் கட்டாயம். அதனால் இந்தச் சில வருடங்களில் விதவிதமாக சாக்ஸ் வாங்கிப் போட்டுப் பார்த்துவிட்டேன். அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். இது என் சொந்தக் கருத்து. கடைக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் படித்த காலத்தில் பள்ளிக்கூடத்துக்கு வெறுங்காலோடுதான் போனோம். முதன்முதலில் சாக்ஸ் போட்டதே 1980களில், சேலம் இரும்பாலையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். சேஃப்டி ஷூவுக்குள் நைலான் சாக்ஸ். ஷிஃப்ட் முடிந்து வீட்டில் கழற்றினால் பிள்ளைகள் திண்ணைக்கு ஓடிவிடுவார்கள். ஆனால் அந்த சாக்ஸ் கிழியவே கிழியாது. அதனால் அதுதான் நல்ல சாக்ஸ் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியது மச்சானின் கால். மச்சானுக்குத் திருச்செங்கோடு. ரிக் வண்டித் தொழிலில் ஊர் ஊராகச் சுற்றியவர். அவருக்கும் சர்க்கரை. நான்கு வருடத்துக்கு முன் கோயமுத்தூரில் நெருங்கிய சொந்தத்தில் ஒரு கல்யாணம். இரண்டு நாளும் புது ஷூ, கறுப்பு சாக்ஸ், கோட்டு சூட்டு என்று மாப்பிள்ளையைவிட ஜோராக இருந்தார். சாக்ஸின் முனைத் தையல் சுண்டுவிரலை உரசி, கொப்புளமாகி, உடைந்திருக்கிறது. அவருக்கு வலி தெரியவில்லை. மூன்றாம் நாள் வாடை வந்த பிறகுதான் அக்காவே பார்த்திருக்கிறார்கள். கடைசியில் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "கறுப்பு சாக்ஸுல ரத்தம் தெரியலையே மச்சான்."

அன்றிலிருந்து சாக்ஸைப் பற்றி யார் பேசினாலும் பிராண்டு என்ன என்று நான் கேட்பதில்லை. முதலில் நிறத்தைத்தான் கேட்கிறேன். சரி, இப்போது கடைக்குப் போவோம்.

நடைபாதை சாக்ஸ். சேலம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் மூன்று ஜோடி நூறு ரூபாய் என்று வாங்கினேன். முக்கால்வாசி பாலியஸ்டர். நம் ஊர் சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் கால் வெந்துவிடும். முதல் மாதம் வாய் இறுக்கிப் பிடித்து, கணுக்காலுக்கு மேல் வளையம் போலத் தடம் விழுந்தது. அடுத்த மாதம் எலாஸ்டிக் தளர்ந்து குதிகாலுக்குக் கீழே சுருண்டுகொண்டது. சுருண்ட சாக்ஸ் ஷூவுக்குள் கிடக்கும் கல் மாதிரி. மலிவுதான், ஆனால் நமக்கு ஆகாது.

பெரிய கம்பெனி சாக்ஸ். ஜாக்கி என்றால் நமக்கு ஜட்டி பனியன்தான் நினைவுக்கு வரும். அந்தக் கம்பெனி தொடங்கியதே சாக்ஸில்தான் என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. 1876-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் சாமுவேல் கூப்பர் என்ற ஓய்வுபெற்ற பாதிரியார் ஆரம்பித்தது. மரம் வெட்டும் தொழிலாளிகள் மட்டமான கம்பளி சாக்ஸால் கால் புண்ணாகி அவதிப்பட்டதைப் பார்த்துத் தொடங்கினார் என்று சொல்வார்கள். இன்று நம் நாட்டில் பெங்களூரின் பேஜ் இண்டஸ்ட்ரீஸ் உரிமம் பெற்று இந்தப் பெயரில் தயாரிக்கிறது. இந்த வகைப் பெரிய கம்பெனிகளின் பருத்தி சாக்ஸ் ஜோடிக்கு நூற்றைம்பது, இருநூறு ரூபாய் ஆகிறது. நான் போட்டுப் பார்த்ததில் வருடத்துக்குமேல் தாங்கின. ஆனால் ஒரே கம்பெனியிலேயே ஒரு ரகம் கணுக்காலை இறுக்கும், இன்னொரு ரகம் இறுக்காது. ஆகவே பெயரை மட்டும் நம்பி எடுக்க முடியாது. உறையில் பருத்தி எவ்வளவு என்று படித்துப் பாருங்கள். முழுப் பருத்தி என்று தேடி அலைய வேண்டாம். கொஞ்சம் நைலானும் எலாஸ்டிக்கும் இல்லாவிட்டால் சாக்ஸ் காலில் நிற்காது.

மூங்கில் சாக்ஸ். தொட்டால் பட்டுப் போல இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் மூங்கில் நார் என்று விற்பதில் பெரும்பாலானது, மூங்கிலை ரசாயனத்தில் கரைத்து எடுக்கும் ரேயான்தான். ரேயானை மூங்கில் என்று சொல்லி விற்றதற்காக 2022-இல் அமெரிக்காவில் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரண்டு பெரிய கடைகளும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட நேர்ந்தது. மென்மைக்காக வாங்கலாம். மூங்கில் படத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

வெள்ளி கலந்த சாக்ஸ். நாற்றம் வராது, கிருமி அண்டாது என்கிறார்கள். 2008-இல் அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றில் ஆறு பிராண்டுகளை வாங்கித் தண்ணீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் சில அலசலிலேயே வெள்ளி பெரும்பாலும் தண்ணீரோடு போய்விட்டது. நாற்றம் போக தினமும் துவைத்தாலே போதும் என்பது என் கட்சி.

மருந்துக்கடை 'டயாபடிக்' சாக்ஸ். ஜோடி முந்நூறு ரூபாய் கொடுத்தேன். வாய் தளர்வு, முனையில் தையல் உறுத்தாது, நிறம் வெள்ளை. காலுக்குச் சுகம் என்றால் இதற்குத்தான் முதல் மார்க். ஆனால் விரல் நுனியைத் தடவித் தேர்ந்தெடுத்தால், இதே குணங்கள் சாதாரணப் பருத்தி சாக்ஸிலும் கிடைக்கும், பாதி விலையில். ஒரு எச்சரிக்கை. இதன் பக்கத்திலேயே முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஷன் சாக்ஸும் தொங்கும். அது வேறு சமாசாரம். ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு அது கெடுதல். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இவ்வளவு பார்த்தபின் நான் கடையில் செய்வது மூன்றே சோதனைதான்.

ஒன்று, வாய். இரண்டு கைவிரலை உள்ளே விட்டு விரித்தால் எளிதாக விரிய வேண்டும். வாங்கிய பிறகும், ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றும்போது காலில் ஆழமான தடம் விழுந்திருந்தால் அது எனக்கான சாக்ஸ் இல்லை.

இரண்டு, முனைத் தையல். சாக்ஸை மெஷின் குழாய் மாதிரிப் பின்னிவிடும். முனையைப் பிறகுதான் மூடுவார்கள். அந்த மூடல்தான் உள்ளே வரப்பு மாதிரி நிற்கும். மச்சானின் விரலைக் கொண்டுபோனது அந்த வரப்புதான். தட்டையாக இருந்தால் எடுங்கள். வீட்டில் இருப்பது தடித்த தையலா? தூக்கிப் போட வேண்டாம். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரைக்காரர்களின் பாதத்துக்கான சர்வதேச மருத்துவ வழிகாட்டியே இதைச் சொல்கிறது. பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்று, நிறம். வெள்ளை, இல்லாவிட்டால் வெளிர் நிறம். துளி ரத்தமோ நீரோ கசிந்தால் அன்று சாயங்காலமே கண்ணுக்குத் தெரிந்துவிடும். கறுப்புப் பேன்டுக்கு வெள்ளை சாக்ஸ் ஸ்டைல் இல்லை என்கிறான் மகன். இருக்கட்டும். பத்து விரலோடு நடப்பதைவிட எனக்கு வேறு ஸ்டைல் வேண்டாம்.

விலைக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 899 ரூபாய்க்கு மூன்று ஜோடி வாங்குவதற்குப் பதில், அதே காசுக்கு ஆறு ஜோடி நடுத்தர வெள்ளைப் பருத்தி சாக்ஸ் வாங்கலாம். தினம் ஒன்று துவைத்தது கிடைக்கும். மழை நாளில் ஈர சாக்ஸ் போட வேண்டிய கட்டாயம் வராது. வெந்நீரில் ஊறப் போடாமல், நிழலில் உலர்த்தினால் எலாஸ்டிக் நிறைய நாள் வரும். நீண்ட தூரம் வேகமாக நடப்பவர்களுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நிற்கும், ஈரம் உரசினால் கொப்புளம் வரும். அவர்கள் விளையாட்டுக்காரர்களுக்கான கலப்பு சாக்ஸ் போடலாம். அதுவும் வெள்ளையில் கிடைக்கிறது.

2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குமேல் சர்க்கரை நோய். இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவராவது இருப்பார். மாத்திரைக்கும் டெஸ்டுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிறோம். சாக்ஸ் மட்டும் பேரன் கழித்துப்போட்டதாக இருக்கிறது.

மகன் கொடுத்த கறுப்பு, கருநீல ஜோடிகளைப் பேரனுக்கே கொடுத்துவிட்டேன். சாம்பலை வீட்டம்மா மார்கழிக் குளிருக்கு எடுத்துக்கொண்டாள். "அடுத்த தடவை வெள்ளையா, வாய் லூசா வாங்கிட்டு வா சாமி" என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

மச்சான் இப்போது வெள்ளை சாக்ஸ்தான். சாயங்காலம் கழற்றியதும் அக்கா அதைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் வாளியில் போடுகிறார்கள். பிறகு பாதத்தையும் விரல் இடுக்கையும் ஒரு தடவை பார்க்கிறார்கள். இரண்டு நிமிட வேலை.

உங்கள் வீட்டில் அந்த இரண்டு நிமிடம் யாருடையது?