ராமானுஜன் விட்ட ஒரு நம்பர்!

செமஸ்டர் லீவு எப்படிப் போச்சு? நான் ரூம்மேட்கூட அவன் ஊருக்குக் கிளம்பிட்டேன். ஏற்காடு மலையில மாரமங்கலம். 20 கொண்டை ஊசி வளைவையும் கண்ணை மூடிக்கிட்டே கடந்த வீரன் நான்!

டிசம்பர் மாசம். வாசல் பூரா காப்பிக்கொட்டை காயுது. ஆனா, ரூம்மேட்டோட தங்கச்சி முகம் மட்டும் வாடிக் கிடக்கு. பத்தாவது படிக்கிறா. அரையாண்டுப் பரீட்சையில எட்டு மார்க் கணக்கு ஒண்ணைக் கவனிக்காமலே விட்டுட்டாளாம். "எனக்குக் கணக்கு வராதுண்ணா. ப்ளஸ் ஒன்ல அந்த குரூப்பே வேணாம்!"

அட்வைஸ் பண்ற யோக்கியதை எனக்கு ஏது? எம்-3 அரியர் இன்னும் பாக்கி இருக்கு பாஸ். அதனால ஒரு கதை சொன்னேன். உங்களுக்கும் சொல்றேன்.

காஞ்ச கொட்டையில 12 எடுங்க. சம வரிசையா அடுக்குங்க. 1, 2, 3, 4, 6, 12 வரிசைனு ஆறு விதமா அடுக்கலாம். அதாவது 12-க்கு ஆறு காரணிகள். 12-க்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு கிடையாது. இப்படித் தனக்குக் கீழே இருக்கிற எல்லாரையும் காரணிக் கணக்குல ஜெயிக்கிற எண்களைப் பத்தித்தான், ஈரோட்டுல பிறந்த ராமானுஜன் 1915-ல் பெரிய கட்டுரை எழுதினார். கம்ப்யூட்டர், கால்குலேட்டர் எதுவும் கிடையாது. 102 எண்களைப் பட்டியல் போட்டார். கடைசி எண் 67463,28388,800. நம்ம பாஷையில 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800!

ஆனா, நடுவுல ஒண்ணை விட்டுட்டார். 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

இதோட காரணிகளை ஒண்ணொண்ணா எண்ணினா விடிஞ்சிடும். பகா எண்களா உடைச்சா மேட்டர் சிம்பிள். இதுல 2 ஆறு தடவை, 3 நாலு தடவை, 5-ம் 7-ம் ரெண்டு ரெண்டு தடவை, 11, 13, 17, 19 ஒவ்வொரு தடவை. ஒவ்வொண்ணோடயும் 1 கூட்டிப் பெருக்குங்க. 7×5×3×3×2×2×2×2. மொத்தம் 5,040 காரணிகள்! பட்டியல்ல இதுக்கு முந்தினதுக்கு 4,800, அடுத்ததுக்கு 5,376. நடுவுல ஜம்முனு உட்கார வேண்டிய ஆள்.

"அவரே விட்டுட்டாரா?"னு நோட்டை எடுத்தவ, ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரலை. பக்கம் பக்கமா பெருக்கல். திடீர்னு ஒரு கத்தல்.

"அண்ணா! விட்டுட்ட நம்பரை 23-ஆல பெருக்கினா அவரோட கடைசி நம்பரே வருது!"

எனக்கு அது தெரியாதுங்க. சத்தியமா! செல்போன்ல போட்டுப் பார்த்தேன். கரெக்ட். கடைசி எண்ணுக்கு 10,080 காரணிகள், சரியா ரெண்டு மடங்கு. விட்டுப்போன எண், கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்திருக்கு.

ஒண்ணு விட்டுப்போச்சுன்னு அந்தக் கட்டுரையை யாரும் தூக்கிப் போடலை. 1916-ல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் அந்த ஆராய்ச்சிக்குத்தான்.

குரூப் விஷயத்துல மேடம் இன்னும் முடிவு சொல்லலை. ஆனா, பஸ் ஏத்திவிட வந்தவ கேட்டாளே ஒரு கேள்வி... "இதைவிடப் பெரிய நம்பர் ஏதாவது இருக்காண்ணா?"

எனக்கு? ஏப்ரல்ல எம்-3. நீங்களும் வர்றீங்கதானே?