கடவுளுக்கு உருவம் இல்லை, கருவறைக்குக் கதவு இருக்கிறது

"கடவுளுக்கு உருவமே கிடையாது. எல்லோருக்குள்ளும் இருக்கிறார். அப்புறம் எதற்குக் கோயில், கருவறை, சாதி என்று சண்டை போடுகிறீர்கள்?" அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராகும் உரிமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. கேட்பவர்களில் பலர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். எனவே தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன். இருந்தாலும் வாதத்துக்காக ஒப்புக்கொள்கிறேன்: கடவுள் அருவம்தான். அப்படியானால் தீட்டு எதன் மேல் படுகிறது? பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழிக்க 1970இல் தமிழ்நாடு சட்டமன்றம் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. அதை எதிர்த்த சேஷம்மாள் வழக்கில், திருத்தம் செல்லும் என்று 1972இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, அர்ச்சகர் நியமனம் ஆகமத்துக்கு உட்பட்டே நடக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆகமம் குறிக்கும் பிரிவைச் சேராதவர் தொட்டால் விக்கிரகத்தின் புனிதம் கெடும் என்ற நம்பிக்கை அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. ஆன்மிகச் சொற்பொழிவில் உருவம் கடந்தவராக இருக்கும் கடவுள், நீதிமன்றத்துக்கு வந்ததும் தொட்டால் தீட்டாகும் சிலையாகிவிடுகிறார். 2021 ஆகஸ்டில் அரசின் பயிற்சி பெற்ற 24 பேருக்குப் பணி ஆணை வழங்கப்பட்டபோது அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

அருவத்தை உண்மையாகவே நம்பியவர்களும் இங்கே இருந்தார்கள். எர்ணாவூரில் இருக்கும் எங்களுக்குப் பக்கத்து ஊர் திருவொற்றியூர். அங்குள்ள சிவன் கோயில் மூலவர் புற்று வடிவம். ஆண்டு முழுவதும் கவசம் மூடியிருக்கும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி 3 நாள் மட்டும் திறப்பார்கள். சென்னையில் வாழ்ந்த காலத்தில் இந்தக் கோயிலுக்கு வந்து வந்து பாடியவர் இராமலிங்க அடிகள். அவரே பின்னாளில் சாதியும் சமயமும் வேண்டாம் என்று சொல்லி, 1872இல் வடலூரில் சத்திய ஞான சபையைத் தொடங்கினார். அங்கே சிலை இல்லை. ஏழு திரைகளுக்குப் பின்னால் ஒளி மட்டும்தான். உள்ளே போய் விளக்கு வைப்பவருக்கு அவர் வைத்த தகுதி வயது: 12க்கு உட்பட்டவராகவோ 72க்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும். எந்தச் சாதியில் பிறந்தவர் என்று அவர் கேட்கவில்லை.

பிறகு என்ன நடந்தது? அந்தச் சபைக்கே லிங்கம் வந்தது. பிரதோஷ பூசை வந்தது. பூசை உரிமை கோரும் சிவாச்சாரியாரும் வந்தார். இது வள்ளலார் நெறிக்கு முரணானது என்று 2006இல் அறநிலையத் துறை உத்தரவிட்டது. 2010இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கே. சந்துரு அந்த உத்தரவு சரி என்று தீர்ப்பளித்தார். சிலையை வெளியே வைத்துவிட்டால் சாதியும் வெளியே நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வழக்கைப் படிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். கொலையும் புலாலும் தவிர்த்தவர்கள் மட்டுமே சபைக்குள் வரலாம் என்பதும் வள்ளலார் வைத்த விதி. உயிர் இரக்கத்தால் அப்படிச் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உணவை வைத்தே சாதியை அளக்கும் சமூகத்தில் அந்த விதி என்ன வேலை செய்யும்? ஆடி மாதம் அம்மனுக்குக் கூழும் கருவாட்டுக் குழம்பும் படைக்கிற எங்கள் வடசென்னையில் அந்த வாசலைத் தாண்டக்கூடியவர்கள் எத்தனை பேர்? ஒளிக்கு உருவம் இல்லை. ஆனால் வாசலில் நிற்கிற எங்களுக்கு உடம்பு இருக்கிறது, அதற்குப் பசி இருக்கிறது. அதனால்தான் வள்ளலாரிடம் எனக்கு நெருக்கமானது சபையைவிட, 1867இல் அவர் தொடங்கிய தருமசாலை. பசி என்று வந்தவரிடம் அங்கே சாதி கேட்பதில்லை.

தென்கோடியில் சாமித்தோப்பில் அய்யா வைகுண்டர் இன்னொரு வழி காட்டினார். அவர் வழிவந்தவர்களின் வழிபாட்டில் சிலைக்குப் பதில் கண்ணாடி. தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்கள், தலைப்பாகை கட்டிக்கொண்டு அதன் முன் நின்றார்கள். அங்கே அருவம் என்பது வெறும் தத்துவமாக இல்லை, நிமிர்ந்து நிற்பதற்கான உரிமையாக இருந்தது.

அதே நேரத்தில், உருவ வழிபாடு எல்லாமே பிற்போக்கு என்று தோழர்கள் முடிவு கட்டிவிடவும் கூடாது. பெரிய கோயிலுக்குள் விடப்படாதவர்கள்தான் தெருமுனையில் ஒரு செங்கல்லையோ வேப்பமரத்தையோ சாமியாக்கி, மஞ்சள் பூசி, தாங்களே பூசாரியாகவும் நின்றார்கள். அந்தச் செங்கல்லைத் தொட யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை.

ஆகவே, உருவமா அருவமா என்று கேட்பதோடு நமது விவாதம் முடியக்கூடாது. யார் தொடலாம், யார் உள்ளே போகலாம், யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றும் கேட்க வேண்டும். இந்த மூன்றுக்கும் "யாராக இருந்தாலும்" என்று பதில் வராத இடத்தில், கடவுளுக்கு உருவம் இல்லை என்ற பேச்சு சாதியைக் காணாமல் இருப்பதற்கான சாக்குதான்.

அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் மறுத்துப் பேசாதீர்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, "அப்படியானால் கருவறையில் யார் தீபம் காட்டினால் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். அதற்கும் ஆம் என்று சொல்கிறவர் ஆத்திகராக இருந்தாலும் நம்மோடு நிற்கக்கூடியவர். ஆகமத்தைக் காட்டி மறுக்கிறவர், கடவுளுக்கு உருவம் இல்லை என்பதைத் தானே நம்பவில்லை.