சொன்னவர் யார்?

மனிதன் தன் கைக்குத் துணையாகக் கருவிகளைப் படைத்தான். பின்னர்க் கண்ணுக்கும் காலுக்கும் துணை தேடினான். இன்று அவன் சிந்தைக்கே துணையாக ஒன்றை ஆக்கி நிறுத்தியுள்ளான். செயற்கை நுண்ணறிவு என்னும் அவ்வாக்கம் மனித குலத்தை உயர்த்துமா, வீழ்த்துமா என்னும் வினா அறிஞர் அவைகளில் எழுந்த வண்ணம் உள்ளது. அதற்கு விடை கூறும் தகுதி தமிழாசிரியராகிய நமக்கு உண்டா எனச் சிலர் நகைக்கக்கூடும். ஆயினும் அது நம் வகுப்பறைக்குள்ளேயே வந்து அமர்ந்துவிட்ட பின் வாளா இருத்தல் இயலவில்லை.

சென்ற பருவத்தில் மாணவி ஒருவர் நெய்தல் திணை பற்றிய கட்டுரை ஒன்றை நம்மிடம் அளித்தார். நடையில் பழுதில்லை. இடையே அம்மூவனார் பாடியதாக ஒரு பாடல். அதனடியில் ‘குறுந்தொகை 417’ என்னும் குறிப்பு. பாடலில் கடல் இருந்தது, புன்னை இருந்தது, தோழியும் இருந்தாள். ஆனால் அத்தகைய பாடலே குறுந்தொகையில் இல்லை. கடவுள் வாழ்த்து நீங்கலாக அந்நூலில் உள்ளவை 401 பாடல்களே. “இதனைச் சொன்னவர் யாரம்மா?” என வினவினோம். அவர் தம் கைப்பேசியைக் காட்டினார். அம்மாணவியிடம் வஞ்சம் இல்லை, நம்பிக்கையே இருந்தது. அதுவே நம்மைக் கலங்கச் செய்தது.

பொறி பொய்யுரைக்க எண்ணிப் பொய்யுரைப்பதில்லை. அளவிறந்த பக்கங்களைப் பயின்று, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரத்தக்கது எனக் கணித்துக் கோத்துக்கொண்டே செல்வது அதன் இயல்பு. பல வேளைகளில் மெய்யே விளைகிறது. மெய் கிட்டாவிடத்தும் கோத்தல் நிற்பதில்லை. மெய்போன்ற ஒன்று விளைகிறது. இரண்டிற்கும் நடை ஒன்றே, குரலின் உறுதியும் ஒன்றே.

மாணவர் மட்டும் இதில் ஏமாறினார் அல்லர். விமானப் பயணத்தில் காயமுற்ற ஒருவர் தொடுத்த வழக்கில், அவருடைய வழக்குரைஞர்கள் நியூயார்க்கு நீதிமன்றத்தில் முன்தீர்ப்புகள் சிலவற்றை மேற்கோள் காட்டினர். அவற்றுள் ஆறு, எந்நீதிமன்றத்திலும் நடவாத வழக்குகள், சாட்ஜிபிடி தந்தவை. ஐயுற்ற வழக்குரைஞர் “இவை உண்மையானவைதாமா?” என்று அப்பொறியிடமே கேட்டிருக்கிறார். ஆம் என்றே அதுவும் கூறியிருக்கிறது! 2023 ஜூன் திங்களில் நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். தண்டம் பொறிக்கன்று, வழக்குரைஞர்களுக்கும் அவர்தம் நிறுவனத்திற்குமே. அத்தீர்ப்பின் நீதியை நாம் உணர்தல் வேண்டும். பொறி சொல்லும், ஆனால் சொன்னதற்கு அது பொறுப்பேற்காது.

சொன்னவர் யார் எனக் கேட்பது முன்னோர் வகுத்த ஆராய்ச்சி நெறி. நபிமொழிகளைத் தொகுத்த அறிஞர்கள் ஒரு செய்தியை ஏற்குமுன், அதனை எவர் எவரிடம் கேட்டார் என்னும் அறிவிப்பாளர் தொடரை ஆராய்ந்தனர். தொடரில் ஒருவரது நினைவாற்றல் ஐயத்திற்குரியதாயினும் அச்செய்தியின் தரம் தாழ்ந்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி, ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டு, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1937இல் குறுந்தொகையையும் பதிப்பித்தார். சமயத்தாலும் காலத்தாலும் வேறுபட்ட இவர்களை ஓர் அச்சமே ஆண்டது. எவரும் பொறுப்பேற்காத சொல்லை அடுத்த தலைமுறையின் கையில் தந்துவிடலாகாதே என்னும் அச்சம் அது. இப்போது பொறிகள் சில ஆதாரச் சுட்டும் தருகின்றன. அச்சுட்டையும் நாமே திறந்து பார்த்தாலன்றிப் பயனில்லை.

இதனால் இக்கலையையே வெறுப்பதற்கு நாம் ஒருப்படோம். ‘அல்காரிதம்’ என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயர் இலத்தீனில் திரிந்து வந்ததே. (அதைக் கொண்டு ‘எல்லாம் நம்மவர் கண்டதே’ என முழங்கும் மேடைப்பேச்சும் நமக்கு உடன்பாடன்று.) புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் பொறியை ஆக்கிய ஹசாபிஸ், ஜம்பர் ஆகியோர் 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர். அதே ஆண்டு இயற்பியல் பரிசில் பங்கு பெற்ற ஜெஃப்ரி ஹிண்டனோ, 2023இல் கூகுளை விட்டு விலகி இக்கலையின் கேடுகளை வெளிப்படையாகப் பேசி வருபவர். மனித இனமே அழியக்கூடும் என அத்தகையோர் அஞ்சுங்கால் அதனைப் புறந்தள்ளும் கல்வி நமக்கில்லை. ஆனால் அவ்வழிவு வருமுன்னரே ஓர் இழப்பு ஓசையின்றி நிகழ்ந்து வருகிறது.

அந்த 417ஆம் பாடலை அம்மாணவி இணையத்தில் ஏற்றியிருப்பின், நாளைய பொறி அதனையும் பயின்றிருக்கும். பொறிகள் ஈன்ற எழுத்தையே மீண்டும் மீண்டும் பொறிகளுக்குப் பயிற்றினால் அவற்றின் திறன் சிதையும் என 2024இல் நேச்சர் இதழில் ஆய்வுக்கட்டுரை ஒன்று வெளிவந்தது. இணையத்தில் ஆங்கிலம் கடலென்றால் தமிழ் சிறு குளமே. இல்லாத பாடல் பத்து இடங்களில் ஏறிவிட்டால், இருபது ஆண்டுகளுக்குப் பின் அது இல்லையென உறுதி கூற, அச்சு நூலைத் திறந்து எண்ணிப் பார்க்கும் பழக்கமுடைய ஒருவர் வேண்டும். அத்தகையோரை உருவாக்குவதற்கன்றோ தமிழ்த்துறைகள் உள்ளன?

பொறியைத் தடை செய்க என நாம் கேட்கவில்லை. கைப்பேசியின் முன் தடை நில்லாது. அகமதிப்பீட்டுக் கட்டுரை தரும் ஒவ்வொருவரும், தாம் காட்டிய மேற்கோள்களுள் ஆசிரியர் சுட்டும் ஒன்றை நூலகத்தினின்று எடுத்து வந்து திறந்து காட்ட வேண்டும் என விதி செய்யலாம். ஐந்து நிமிடம் போதும். சமுதாயப் பெரியோர்களிடமும் ஒரு விண்ணப்பம் உண்டு. கணினிக்கூடத்திற்கு நன்கொடை தருவோர் பலர். நூலடுக்குகளுக்குத் தருவோர் மிகச் சிலர். அக்குறை களையப்பட வேண்டும்.

மறுநாள் அம்மாணவி குறுந்தொகையுடன் வந்தார். 401ஆம் பாடலைத் திறந்து, “இதற்குப் பிறகு இல்லை ஐயா” என்றார். ஒரு வாரம் கழித்து, அம்மூவனார் மெய்யாகவே பாடிய பாடல் ஒன்றைத் தாமே தேடி எடுத்துப் பொருளும் எழுதிக் கட்டுரையில் சேர்த்துத் தந்தார். அப்பொருளில் இரு பிழைகள் இருந்தன. அவை அவருடைய பிழைகள். இருவரும் அமர்ந்து திருத்தினோம்.