முப்பத்தோராம் நாளுக்குப் பின்

மரண வீட்டுக்கு அழைப்பு வேண்டியதில்லை என்பது நமது நல்ல வழக்கம். செய்தி கேட்டதும் போகிறோம், சமைத்துக் கொடுக்கிறோம், எட்டுக்கும் நிற்கிறோம். 31ஆம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் அவரவர் வேலைக்குத் திரும்பிவிடுகிறோம். அவ்வீட்டில் எஞ்சியவரின் துயரமோ திதி பார்த்து முடிவதில்லை.

பெரும்பாலோர் காலப்போக்கில் தேறுகின்றனர். சிலருக்கு மாதங்கள் பல கடந்தும் ஏக்கம் தணியாது. வாழ்க்கை நின்ற இடத்திலேயே நிற்கும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பட்டியல் இதனை நீடித்த துயரக் கோளாறு எனத் தனியாக வகுத்துள்ளது. ஆறு மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். அவரவர் சமய, சமூக வழக்கத்துக்கும் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆகவே, ஆட்டைத் திவசத்தன்று விம்மி அழுவது நோயன்று. நம் வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளர் இதனை அறிந்திருத்தல் அவசியம். அவருக்கு எடுத்துச் சொல்வது நம் கடமை.

அப்பணியாளர் செய்யக்கூடியது என்ன? இறந்தவரின் பெயரைச் சொல்லத் தயங்காமல், இறுதி நாட்களின் கதையைப் பொறுமையுடன் கேட்பது. ஓய்வூதியம், வீட்டு வாடகை போன்ற கடிதங்களுக்கு உதவுவது. உயிரை வெறுத்துப் பேசினால் உடனே வைத்தியரிடம் சேர்ப்பது. மொழிபெயர்க்கப் பேரப்பிள்ளையை உட்கார்த்தாமல் தகுந்த மொழிபெயர்ப்பாளரை அழைப்பதும் அவர் பொறுப்பே. பிள்ளைமுன் எந்தத் தாய் மனந்திறப்பாள்?

துயருற்றவர் இழப்பை நினைந்து அழவும் வேண்டும். புதிய வாழ்வில் கால்வைக்கவும் வேண்டும். இரண்டுக்கும் இடையே மாறிமாறிச் செல்வதே தேறும் வழி என 1999இல் ஸ்ட்ரோப், ஷூட் என்னும் நெதர்லாந்து அறிஞர் இருவர் எழுதினர். முதலாவதற்குப் பணியாளர் துணைநிற்பார். இரண்டாவதற்கு நாமே தடையாக நிற்கிறோம். கணவனை இழந்த பெண்ணை "நாலு பேரோடு பழகுங்கள்" என்று அவர் அனுப்பிவைக்கிறார். இங்கே வந்தால் குங்குமத் தட்டு அவளைத் தாண்டிச் செல்கிறது. திருமண வீட்டில் பின்வரிசை காட்டப்படுகிறது. இதற்கு எந்த வைத்தியம் உண்டு?

நிர்வாக சபைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்கள் இருவர், பெண்கள் இருவரை நியமியுங்கள். மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், திவசத்துக்குப் பின் என அவர்கள் அவ்வீட்டுக்குச் செல்லட்டும். தேவையெனில், உரியவரின் சம்மதத்துடன், கவுன்சிலின் சமூகப் பணியாளருக்கோ குடும்ப வைத்தியருக்கோ அறிவிக்கட்டும். கேட்டதை வெளியில் பேசாதிருக்கட்டும். அடுத்த விளக்குப் பூசையில் கைம்பெண்களுக்கும் முன்வரிசையில் இடம் கொடுப்போம். அதற்குச் செலவு ஒரு சதமும் இல்லை.