உப்பளக் குழந்தைகளும் ஆங்கில விளையாட்டும்

கைபேசி விளையாட்டுகளின் மூலம் சிறு குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பது பற்றிய விவாதம், பெரும்பாலும் பட்டணத்துக் கனவான்களின் வீடுகளைக் கண்முன் வைத்தே நடைபெறுகிறது. நாம் அவ்விஷயத்தை மரக்காணம் உப்பளக் கரையிலிருந்து ஆராய விரும்புகிறோம்.

கொரோனா நோயினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிக்கூடங்கள், முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதியன்றுதான் திறந்தன. அதற்குச் சில தினங்கள் முன்பு, அக்டோபர் 27-ந் தேதி, முதல் மந்திரி ஸ்ரீ மு. க. ஸ்டாலின் 'இல்லம் தேடிக் கல்வி' இயக்கத்தை ஆரம்பித்து வைத்த இடம் மரக்காணத்தை அடுத்த முதலியார்குப்பமே. மாலை வேளையில் தொண்டர்கள் குழந்தைகளின் வசிப்பிடத்துக்கே சென்று பாடம் சொல்லிக் கொடுப்பது அதன் ஏற்பாடு. 2022 ஜூன் 1 முதல் 12 வரை அவ்வியக்கத்தில் கூகுள் கம்பெனியாரின் 'ரீட் அலாங்' செயலியைக் கொண்டு வாசிப்புப் போட்டி நடந்தது. தமிழிலும் ஆங்கிலத்திலும் கதைகள் கொண்டது அச்செயலி. குழந்தை உரக்க வாசிக்க, அது கேட்டுப் பிழை திருத்தும். சரியாக வாசித்தால் நட்சத்திரம் அளிக்கும். 18 லட்சத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் கலந்துகொண்டதாகச் சர்க்கார் தெரிவித்தார்கள்.

இதன் பிரயோஜனத்தை நாம் மறுக்கவில்லை. வீட்டில் ஆங்கிலம் அறிந்தோர் எவருமில்லாத குழந்தைக்கு, ஏளனம் செய்யாமல் எத்தனை முறையும் திருத்திச் சொல்லும் குரல் ஒன்று கிடைப்பது பெரிய உபகாரமே. வகுப்பில் அஞ்சி வாய் மூடியிருக்கும் குழந்தை விளையாட்டிலே வாய் திறக்கும்.

ஆனால் அந்தக் கைபேசி யாருடையது? உப்பளத் தொழிலாளி பொழுது விடியுமுன் பாத்திக்குப் போகிறான். கைபேசியும் அவனோடு போகிறது. மழை மாதங்களில் வேலையே இல்லை. கூலியற்ற வீட்டில் அரிசிக்குப் பின்னரே இன்டர்நெட். வசதியுள்ள வீட்டுக் குழந்தை தினம் ஒரு மணி நேரம் விளையாடிக் கற்கும்போது, தொண்டரின் ஒரே கைபேசியைச் சூழ்ந்து நிற்கும் குழந்தைக்குக் கிடைப்பது சில நிமிஷங்களே. ஏற்றத்தாழ்வைப் போக்க வந்த சாதனமே அதை வளர்த்துவிடக் கூடாதல்லவா?

இன்னொன்றும் உண்டு. வாசித்த சொற்களை இயந்திரம் எண்ணும். பொருள் மனத்தில் பதிந்ததா என்பதை அந்தக் கணக்கு காட்டாது. பொருளைத் தாய்மொழியில் விளக்கிச் சொல்ல உபாத்தியாயர் வேண்டும். பாத்தியில் நீரைப் பாய்ச்சிவிட்டால் போதுமா? உப்பை வாரி எடுக்கக் கை வேண்டாமா?

தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் அமைப்பதையும், உபாத்தியாயர்களுக்குக் கைக்கணினி வழங்குவதையும் சர்க்கார் 2024-ல் மேற்கொண்டார்கள். அது போதாது. குழந்தைகளின் கைக்கே சாதனம் வர வேண்டும்; அது பள்ளியின் பொதுச்சொத்தாக, பள்ளி நேரத்திலேயே, உபாத்தியாயர் முன்னிலையில் பயன்பட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் இதை வற்புறுத்துவது நம் ஊழியர்களின் கடமை. மேடையில் கல்விச் சமத்துவம் பேசுவோர் முதலில் மரக்காணத்துக் குழந்தைக்கு அதைப் பெற்றுத் தரட்டும்.