டிக்கெட் வாங்கிப் பார்த்த வீடு

சென்ற மாதம் ஒரு சிநேகிதர் என்னை முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போனார். அங்கே தட்சிணசித்ரா என்று ஓர் இடம். 1996-இல் திறந்தார்கள். கேரளத்துப் புதுப்பள்ளியின் பழைய மரவீட்டையும், நாட்டரசன்கோட்டைச் செட்டியார் வீட்டையும் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். புண்ணியவான்கள்! அதே வளாகத்தில் காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த நான் அதை டிக்கெட் வாங்கிப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

ஏனென்றால், பிள்ளையார்பாளையத்தில் என் பாட்டனார் வீட்டை இடித்தவன் நானேதான். திண்ணை, முற்றம், தறிக்குழி, உத்திரம் தாங்கிய தேக்குத் தூண்கள் எல்லாம் இருந்த வீடு. தூண்களைப் பழைய மரக்கடைக்காரர் வண்டியில் ஏற்றும்போது நான் ரூபாயை எண்ணிக்கொண்டிருந்தேன்.

“கறையான் அரித்த மரத்தை எத்தனை நாள் கட்டிக் காப்பது?” என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தூண் முழுவதும் ஒரே நாளில் உளுத்துப் போவதில்லை. ஈரம் படும் அடிப்பாகம்தான் முதலில் போகிறது. அதை மட்டும் அறுத்தெடுத்து, புது மரம் பொருத்தி, கல்லின்மேல் நிறுத்தத் தேர்ந்த ஆசாரிக்குத் தெரியும். நாமோ சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசுகிறோம். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவருக்குள் இருக்கும் உத்திர முனையைத் தின்கிறது. பிறகு மரத்தின்மேல் பழி!

“பாரம்பரியத்தை நெசவாளர்களே காக்க வேண்டும்” என்று மேடையில் உருகுகிறவர்களையும் நான் விடுவதாயில்லை. இன்னும் பழைய வீட்டிலேயே நெய்கிற என் சித்தப்பா மகன் சொன்னான்: “உங்களுக்கென்ன அண்ணே, எழுதிட்டுப் போயிடுவீங்க. மழையிலே தறிக்குழியிலே தண்ணி நின்னா நான்தானே அள்ளி ஊத்தணும்?”

இதற்குப் பதில் சொல்லாத பாரம்பரியப் பற்று வெறும் பேச்சு. 2015-இல் மத்திய அரசு ‘ஹிருதய்’ என்ற திட்டத்துக்கு 12 நகரங்களைத் தேர்ந்தெடுத்தது. காஞ்சியும் அதில் ஒன்று. 2019-இல் திட்டம் முடிந்தது. பாரம்பரியச் சின்னங்களைச் சுற்றி வசதி செய்வதே அதன் நோக்கம். குடியிருப்பவனின் உத்திரத்துக்கு அதில் இடமில்லை. கோயிலுக்குக் காலாகாலத்தில் திருப்பணி நடக்கிறது, நடக்கட்டும். சுவாமிக்குப் பட்டு நெய்தவன் கூரைக்கு என்ன வழி?

நான் பொருட்காட்சி கேட்கவில்லை. இடித்துக் கட்டக் கடன் கொடுக்கிறவர்கள் பழுது பார்க்கவும் கொடுக்கட்டும். ஒழுகாத கூரையும் ஈரமில்லாத தறிக்குழியும் கிடைத்தால், தூணை விற்க எவனும் வண்டி கூப்பிட மாட்டான்.

நான் கூப்பிட்டேன். அந்தப் பாவத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களைத் திட்டுகிறேன்.