செவிலியர் சோர்வும் மூச்சுப் பயிற்சியும்

முல்லையாற்றங்கரையில் அமைந்த வீரபாண்டியில் கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழா எட்டு நாள் நடைபெறும். அக்காலத்தை ஒட்டியே மே 12-ஆம் நாள் உலகச் செவிலியர் நாளும் வருகிறது. ஊரார் விழாக் காண விழித்திருக்கும் அதே இரவில், தேனி மாவட்டத்து மருத்துவமனைகளில் நோயாளியின் தலைமாட்டில் விழித்திருப்போர் செவிலியர். அவர்தம் சோர்வை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

நெடுநாள் தீராத பணியழுத்தத்தின் விளைவே பணிச்சோர்வு என்று 2019-இல் உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்தது. ஆற்றல் வற்றுதல், பணியின்மேல் வெறுப்பு, செய்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அதனை நோயென்று அந்நிறுவனம் கூறவில்லை. பணியிடத்தில் தோன்றும் நிலை என்றே கூறிற்று. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

தியானமும் யோகப் பயிற்சியும் இங்கே துணைபுரியும் என்பதை மறுப்பதற்கில்லை. மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுங்கால் இதயத் துடிப்பு தணிகிறது, பதற்றம் குறைகிறது. மூச்சு எந்தச் சமயத்தாருக்கும் தனியுடைமையன்று. ஆதலின் எவரும் இதனைத் தயக்கமின்றிப் பயிலலாம்.

ஆயினும், மருந்தின் அளவறிந்து சொல்வதே அறிவுடைமை. 2015-இல் மாதம் ரூ.7,700 தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பெற்ற செவிலியர், பணிநிரந்தரம் வேண்டி 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினர். அவர்களிடம் சென்று, “கண்களை மூடி அமருங்கள், கவலை தீரும்” என்று கூறுவது முறையாகுமா? போதனா மருத்துவமனையின் பொதுப்பிரிவில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் வேண்டுமென்பது இந்தியச் செவிலியர் குழுமத்தின் நெறி. ஒருவரே பலர் சுமையைத் தாங்கும் இடத்தில் தியானம் சுமையைக் குறைக்காது; சுமப்பவரைச் சற்றே தேற்றும், அவ்வளவே.

எனவே நாம் வேண்டுவன இரண்டு. பணியிடங்கள் குறைவின்றி நிரப்பப்படல் வேண்டும். பயிற்சிக்குரிய இருபது நிமிடம் பணிநேரத்திற்குள்ளேயே, மாற்றுச் செவிலியர் ஒருவர் பொறுப்பேற்க, அளிக்கப்படல் வேண்டும். இரவுப்பணி முடிந்து வீடு திரும்புவோரை நிறுத்திவைத்து நடத்தும் வகுப்பு, ஓய்வைப் பறிக்கும் மற்றொரு பணியாகவே முடியும்.

மாணவச் செல்வங்களே! நாளை உங்களுள் சிலர் அலுவலராகவும் ஆட்சியாளராகவும் அமர்வீர்கள். பிறர் வலியை ஆற்றும் கைகளுக்கும் ஓய்வு வேண்டும் என்பதை அன்று நினைவிற் கொள்வீராக.